கிழித்துவிடச் சொன்ன பக்கங்கள்

எங்கள் கிளையின் மர அலமாரியில் ஒரு விதிமுறைப் புத்தகம் இருக்கிறது. தலைமை அலுவலகம் என்றோ அச்சிட்டு அனுப்பியது. பாதிப் பக்கங்களில் திருத்தச் சீட்டுகள் ஒட்டி, சீட்டின் மேல் சீட்டு ஏறி, சில இடங்களில் காகிதம் அப்பளம் போல் விறைத்துக் கிடக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மூதாட்டி பழைய டெபாசிட் ரசீது ஒன்றோடு கவுன்ட்டருக்கு வந்தார். ரசீது அசல்தான். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிப் போட்ட திட்டம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. முதிர்ந்த தேதிக்குப் பிறகான வட்டியை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் பக்கம் புத்தகத்தில் இல்லை. பழைய பக்கத்தை எடுத்துவிடும்படி புதிய சுற்றறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. யாரோ ஒரு நல்ல குமாஸ்தா கீழ்ப்படிந்திருக்கிறார். அந்த அம்மாள் நாலு மாதம் நடந்தார். கடைசியில், ஓய்வு பெற்றுப்போன ஒரு சீனியரின் வீட்டுப் பரணிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

நான் எழுத வந்தது ரேடியோ பழுதுபார்க்கும் கையேடுகளைப் பற்றி. மேற்படி சம்பவம் நடந்திராவிட்டால் அவற்றை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து படித்திருக்க மாட்டேன் என்பதற்காகவே அதைச் சொன்னேன்.

கையேடுகளைக் கொடுத்தவர் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆர்-390ஏ என்ற அமெரிக்க ராணுவ ரிஸீவரின் கையேடுகளை அச்செடுத்து ஸ்பைரல் பைண்டு பண்ணி அடுக்கியிருக்கிறார். ஒரே ரிஸீவருக்கு ஏழெட்டுக் கட்டுகள். அந்த ரிஸீவரை அவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. மூலம் கிடைக்காத நூலுக்கு உரையை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வித்வானைப் போன்றவர். "இதில் கடைசிப் பதிப்பு எது, அதை மட்டும் கொடுங்கள்" என்று கேட்டேன். "கடைசி எதுன்னு கேக்காதீங்க தம்பி. மேஜை மேலே இருக்கற செட்டு எதுன்னு கேளுங்க" என்றார். எல்லாக் கட்டுகளையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ரேடியோ அமெரிக்காவில் வீட்டுச் சாமானாக மாறிய 1920களில் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பல கம்பெனிகள் சில வருஷங்களிலேயே காணாமலும் போயின. விற்ற செட்டுகள் மட்டும் வீடுகளில் இருந்தன. பழுது பார்க்கிறவனுக்கு சர்க்யூட் படம் வேண்டும். கேட்டு வாங்குவதற்குக் கம்பெனியே இல்லை. இருந்தாலும் தன் ஏஜெண்டைத் தவிர வேறு யாருக்கும் தர மனசில்லை. 1930களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் எஃப். ரைடர் என்பவர் இந்தப் படங்களை எல்லாம் திரட்டித் தொகுதிகளாக வெளியிட ஆரம்பித்தார். 1950களின் நடுவுக்குள் 23 தொகுதிகள் வந்துவிட்டன. தொகுப்புக்கு அவர் வைத்த பெயரில் நிரந்தரம் என்ற பொருள் தரும் சொல் ஒன்று இருக்கிறது. ஆரம்பத் தொகுதிகளின் அமைப்போ நிரந்தரத்துக்கு நேர்எதிர். தைக்காத தனித்தாள்கள், எப்போது வேண்டுமானாலும் கழற்றிச் செருகும்படியான அட்டை. பக்க எண்கூடக் கம்பெனிவாரியாகத்தான். ஒரு கம்பெனியின் புதுப் பக்கங்கள் வந்தால் மற்ற கம்பெனிகளின் எண்கள் குலையாது. நிரந்தரம் என்றால் முடிவே இல்லாமல் செருகிக்கொண்டு போவது என்று அந்த மனிதர் அர்த்தம் பண்ணியிருக்கிறார். பின்னால் முதல் ஐந்து தொகுதிகளைச் சுருக்கி ஒரே தொகுதியாகவும் போட்டார். சுருக்கம் என்று ஒன்று வந்தால் விடுபட்டது என்று ஒன்றும் வந்துவிடுகிறது. அதிகம் விற்காத செட்டுக்குச் சொந்தக்காரனுக்கு இந்தச் சுருக்கத்தால் என்ன உபயோகம்?

ரைடரின் தொகுப்பில் வேறொரு சங்கடமும் உண்டு. கம்பெனி எதை அச்சிட்டுத் தந்ததோ அதையே அவர் அச்சிட்டார். கம்பெனியோ ஒரு மாடலை விற்றுக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு கண்டென்ஸர் கிடைக்கவில்லை என்றால் வேறு மதிப்புள்ளதைப் போட்டார்கள். ஒரு இடத்தில் இரைச்சல் வருகிறதென்று புகார் வந்தால் ஒரு ரெஸிஸ்டன்ஸைச் சேர்த்தார்கள். ஃபில்கோ கம்பெனி இந்த மாற்றங்களை 'ரன்' என்று எண்ணிட்டு, அந்த எண்ணைச் சேஸியில் முத்திரை குத்தி அனுப்பியது. எந்த ரன்னில் எது மாறிற்று என்று சர்வீஸ் குறிப்புகளிலும் வெளியிட்டது. நேர்மையான காரியம். ஆனால் முத்திரை மசியால் குத்தியது. பத்து வருஷச் சூட்டிலும் தூசியிலும் மசி மங்கிவிட்டால், வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு செட்டுகளில் எது எதுவென்று தெரியாது. படத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது, செட்டில் வேறு மதிப்பு இருக்கிறது. இது கம்பெனியின் மாற்றமா, நடுவில் எவனோ ஒரு ரிப்பேர்காரன் கையில் கிடைத்ததைப் போட்டுவைத்ததா? ஏட்டில் சொல் மாறிக் கிடப்பதைப் பார்த்து இது புலவன் திருத்தமா, எழுதினவன் கைப்பிழையா என்று தடுமாறுகிறவனின் நிலைமைதான்.

1946இல் இண்டியானாபொலிஸில் ஹோவர்ட் டபிள்யூ. ஸாம்ஸ் தொடங்கிய ஃபோட்டோஃபேக்ட் வேறு வழியில் போயிற்று. கம்பெனியின் படத்தை நம்பாமல் ஒரு செட்டைக் கொண்டுவந்து பிரித்து, புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு முனையிலும் அளந்து, தாங்களே சர்க்யூட் வரைந்தார்கள். ஆசிரியன் சொன்னதை விட்டுவிட்டுக் கையிலுள்ள பிரதியை உள்ளபடி பெயர்த்தெழுதுவது. ரைடரைவிட இதை நம்பலாம் என்று ரிப்பேர்காரர்கள் எண்ணியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் மேஜையில் வந்த செட்டு எந்த மாதத்தில் தயாரானதோ அந்த மாதத்துச் செட்டுதான் அந்தப் படம். அதற்கு முன்னும் பின்னும் தயாரான செட்டுகளைப் பற்றி அது சாட்சி சொல்லாது.

அளவு என்பதும் அத்தனை ஸ்திரமான விஷயமில்லை. 1930களின் சர்வீஸ் குறிப்புகளில் உள்ள வோல்ட்டேஜ்கள் பெரும்பாலும் வோல்ட்டுக்கு ஆயிரம் ஓம் மீட்டரால் எடுத்தவை. அந்த மீட்டர் தானே கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். மெல்லிய சர்க்யூட்டில் அதன் முள் குறைவாகவே காட்டும். இன்றைய டிஜிட்டல் மீட்டரை அதே முனையில் வைத்தால் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் காட்டுகிறது. செட்டில் கோளாறு இல்லை, புத்தகத்திலும் பிழை இல்லை. படிக்கிற கருவி மாறிவிட்டது. நம் விமர்சகர்களில் சிலர் முப்பதுகளின் கதைகளை எந்த மீட்டரை வைத்துக்கொண்டு அளக்கிறார்கள் என்று கேட்க ஆசைதான், இப்போது வேண்டாம்.

இனி ராணுவத்துக்கு வருகிறேன். மாற்றத்தை ஒரு நிர்வாகமாகவே நடத்தியவர்கள் அவர்கள்தான்.

ஆர்-390ஏ, அயோவா மாநிலம் ஸீடர் ராப்பிட்ஸிலிருந்த காலின்ஸ் ரேடியோ கம்பெனி அமெரிக்க ராணுவத்தின் ஸிக்னல் கோருக்காக வடிவமைத்தது. அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 32 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். கடிகார வேலைப்பாடு போன்ற பற்சக்கரங்கள் சுழன்று, கார் ஓடிய மைல் காட்டுவதைப் போல எண்களாகவே அலைவரிசையைக் காட்டும். கனம் ஏறத்தாழ 38 கிலோ. 1950களின் நடுவிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். மிகச் சில 1984இல்கூடச் செய்யப்பட்டவை. வடிவம் காலின்ஸுடையது என்றாலும் செய்தவர்கள் பலர்: மோட்டொரோலா, ஸ்டூவர்ட்-வார்னர், கேப்ஹார்ட், ஈ.ஏ.ஸி., இன்னும் சிலர். முகப்பிலுள்ள பெயர்த்தகட்டில் ராணுவத்தின் ஆர்டர் எண் இருக்கும்.

இதற்கு முந்திய ரிஸீவர் ஆர்-390. அதன் கையேட்டின் எண் டி.எம். 11-856. ஆர்-390ஏயின் கையேடு 1956 ஜனவரியில் வந்தது, எண் டி.எம். 11-856ஏ. வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். எண்ணின் வாலில் ஓர் 'ஏ' சேர்ந்தால், அதே புத்தகத்தின் திருந்திய பதிப்பு என்றுதானே எவனும் நினைப்பான்? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அலமாரியில் வைப்பான். ஆனால் இது திருத்தமே இல்லை. இது வேறு ரிஸீவர், வேறு புத்தகம். முந்தியதில் சாதாரணக் காயில்களை வைத்து வடிகட்டியதை 'ஏ'யில் மெக்கானிக்கல் ஃபில்டர் என்ற வேறொரு சாமானை வைத்துச் செய்தார்கள். பழைய ஆர்-390 வைத்திருப்பவனுக்குப் புதிய புத்தகம் வழிகாட்டாது.

1961 டிசம்பரில் எண் முறையே மாறி வந்தது: டி.எம். 11-5820-358-35. பார்த்தால் லாட்டரிச் சீட்டு எண் போலிருக்கிறது, ஆனால் இலக்கணச் சுத்தமான எண். 11 என்றால் ஸிக்னல் பிரிவு. 5820 என்பது விமானத்தில் வைக்காத ரேடியோ சாதனங்களுக்கான அரசு வகைப்பாடு. 358 இந்தக் கருவி. 35 என்பது பழுதுபார்ப்பின் மூன்றாம் படியிலிருந்து ஐந்தாம் படி வரை. இயக்குகிறவனுக்கு 10 என்று முடியும் புத்தகம், யூனிட்டில் இருக்கும் மெக்கானிக்குக் 20 என்று முடியும் புத்தகம். ஒரு காலத்தில் ஒரே புத்தகத்தில் இருந்த விஷயத்தைப் படிப்படியாக வெட்டி, எவன் எந்த ஸ்க்ரூ வரை கை வைக்கலாமோ அவனுக்கு அதுவரை அறிவு என்று பங்கிட்டிருக்கிறார்கள். கடற்படை தனக்கென்று தனிக் கையேடு போட்டது. எண்ணும் வேறு, பக்க அமைப்பும் வேறு, செட்டு மட்டும் ஒன்று.

திருத்தத்தின் சடங்குகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஒரு கையேட்டுக்கு மாற்றம் 1, மாற்றம் 2 என்று வரிசையாகத் தாள்கள் வரும். எந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு எதைச் செருகுவது என்று பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலையே கையேட்டின் முன்னால் கோத்து வைக்க வேண்டும். புதிதாய் மாறிய வரிகளின் ஓரத்தில் செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். எந்தக் கையேட்டுக்கு எந்த மாற்றம் வரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறொரு வெளியீடு. 1960களின் கையேடுகள் முதல் பக்கங்களிலேயே அதன் கடைசி இதழைப் பார்க்கச் சொல்கின்றன. பிழை கண்டவன் எழுதி அனுப்ப 2028 என்ற எண்ணில் ஒரு படிவம் உண்டு. புத்தகமே தன்னைத் திருத்தச் சொல்லிப் படிக்கிறவனிடம் விண்ணப்பம் நீட்டுவதை இலக்கியத்தில் நான் கண்டதில்லை. நம் ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு படிவம் அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

விமானப் படையின் தொழில்நுட்பக் கையேடுகளில் தற்போது செல்லுபடியாகும் பக்கங்களின் பட்டியல் ஒன்று முன்னால் இருக்கும். அதன் தலைப்பிலேயே ஓர் ஆணை: புதிய பக்கங்களைச் செருகு, அவற்றால் காலாவதியானவற்றை அழித்துவிடு. இந்த ஆணைக்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் இருந்தால் அவசரத்தில் எவனாவது தவறான பக்கத்தைப் படித்துவிடுவான். விமானத்தில் அதனால் உயிர் போகும். ஆகவே உண்மை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அது கடைசியாக அச்சிட்டதாகத்தான் இருக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் ஒரே நாளில் மாறுகிற உலகத்தில் இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது.

கருவிகள் அப்படி மாறவில்லை. ஆர்-390ஏயின் வயிற்றில் ஆறு தனித் தனிச் சேஸிகள். கழற்றி மாட்டுவது சுலபமாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தது. ராணுவப் பட்டறையில் கெட்ட சேஸியைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த நல்ல சேஸியை மாட்டி அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷம் இப்படி ஓடினால், முகப்பில் மோட்டொரோலா தகடு, உள்ளே ஒரு சேஸி ஈ.ஏ.ஸி., இன்னொன்று ஸ்டூவர்ட்-வார்னர். ஒவ்வொன்றும் வேறு வருஷத்தது, ஒவ்வொன்றும் வேறு மாற்றத்தைக் கண்டது. தகடே இல்லாத செட்டுகளும் ஏராளம். மீட்டர்களில் ரேடியம் பூசியிருந்ததால் பிற்பாடு கழிவில் விற்கும்போது பல செட்டுகளின் மீட்டர்களைப் பிடுங்கிவிட்டார்கள். கண் தோண்டிய முகம் மாதிரி இரண்டு ஓட்டைகளோடு அவை விலை போயின. இப்படி ஒரு செட்டு மேஜைக்கு வந்தால் அதற்கு எந்தக் கையேடு? ஒரு சேஸிக்கு 1956 பக்கம், இன்னொன்றுக்கு 1961 பக்கம், மூன்றாவதற்குக் கடற்படைப் பக்கம். நண்பர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்ததன் காரணம் எனக்கு இங்கேதான் உறைத்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதலில் இந்த ரிஸீவரின் மின்வழங்கியில் 26இஸட்5டபிள்யூ என்ற வால்வுகள் இரண்டு இருந்தன. பின்னால் அவற்றுக்குப் பதில் சிலிகான் டயோடுகளைப் போடும் வழக்கம் வந்தது. வால்வு தனக்கென்று சில வோல்ட்டுகளை எடுத்துக்கொள்ளும். டயோடு அநேகமாக எதுவும் எடுத்துக்கொள்ளாது. ஆகவே உள்ளே போகிற வோல்ட்டேஜ் ஏறிவிடும். அதைக் குறைக்கத் தொடரில் ஒரு ரெஸிஸ்டன்ஸ் போட வேண்டும். போட்டார்களா, போடவில்லையா? பழைய கையேட்டின் அட்டவணையை வைத்துக்கொண்டு அளக்கிறவனுக்கு எல்லா முனையிலும் கூடுதலாகக் காட்டும். செட்டில் எங்கோ கோளாறு என்று நினைத்து, சரியாக வேலை செய்யும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவான். டயோடுக்குப் பிந்திய குறிப்பை மட்டும் வைத்திருப்பவன் வால்வு உள்ள செட்டை அளந்தால் நேர்மாறாக ஏமாறுவான். இரண்டு பேருக்கும் தேவை இரண்டு தாள்களும், எதற்கு எது என்று சொல்லும் ஒரு வரியும்.

இன்னொன்று: ஸி553 என்ற சின்னக் கண்டென்ஸர். உயர் வோல்ட்டேஜ் மெக்கானிக்கல் ஃபில்டருக்குள் நுழையாமல் தடுத்து நிற்கிறது. அது ஷார்ட் ஆனால் ஃபில்டர் போய்விடும். மாற்று ஃபில்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கையேடு எழுதியபோது அந்தக் கண்டென்ஸர் புதியது, அதற்கு அறுபது வயதாகும் நாளை யாரும் உத்தேசிக்கவில்லை. இந்தச் செட்டு கையில் கிடைத்தால் ஸ்விட்ச் போடுமுன்பே அதை மாற்றிவிடு என்று இன்றைக்கு இதில் பழகியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அச்சேறிய பக்கங்களின் ஓரத்தில் தலைமுறையாக எழுதிச் சேர்ந்த உரை இது.

2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க ஆர்வலர்கள் சிலர், ராணுவக் கையேட்டையும் கடற்படைக் கையேட்டையும் ஒன்றாக்கி, தெரிந்த பிழைகளைத் திருத்தி, ஒரே பெரும் கையேடாகச் செய்தார்கள். ஒய்2கே கையேடு என்று பெயர். சம்பளமில்லாமல், இரவுகளில் உட்கார்ந்து செய்த வேலை, தெளிவான படங்கள், மரியாதைக்குரிய காரியம். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. எல்லாப் பாடங்களையும் கலந்து எடுத்த செம்பதிப்பு எந்த ஓர் ஏட்டோடும் ஒத்துப்போகாது என்பது பதிப்புத் துறையில் பழைய வாதம். அதே போல இந்தக் கையேட்டுக்குச் சரியாக ஒத்துப்போகும் ரிஸீவர் ஒன்றை எந்தத் தொழிற்சாலையும் செய்து அனுப்பவில்லை. பிறகு இதற்கே திருத்திய வெளியீடுகள் வந்தன. ஆக அதிலும் எது எந்த வெளியீடு என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்க நியாயமில்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டார். 1907இல் திருத்தி மறுபடி அச்சிட்டார். முதல் பதிப்பை யாரும் கொளுத்தவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் 'ப்ரெல்யூட்' அவர் இறந்த 1850இல் வெளிவந்தது, வயோதிகத்தில் வழவழப்பாக்கிய வடிவத்தில். 1805இன் கைப்பிரதியை 1926இல் டி செலின்கோர் அச்சேற்றியபோது இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தார். புதுமைப்பித்தன் கதைகளின் பாடபேதங்களைக் குறித்து ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு பதிப்புக் கொண்டுவர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. அதுவரை எந்த வரி புதுமைப்பித்தனுடையது, எது அச்சாபீஸினுடையது என்ற கவலையே இல்லாமல் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் ஆசிரியனின் கடைசி விருப்பம் என்ற ஒன்றைச் சொல்வார்கள். கடைசியாக அவன் கை வைத்ததே பிரமாணம். ராணுவத்தின் ஆணைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. தவறான பாடத்தை வைத்துக் கவிதையைப் படித்தால் எதுவும் எரிவதில்லை. விமர்சகனுக்கு அபராதம் கிடையாது. ரிப்பேர்காரனுக்கு ஃபில்டர் போய்விடுகிறது.

நண்பர் கொடுத்த கட்டுகளில் ஒன்றை மட்டும் பற்றிச் சொல்ல வேண்டும். மாற்றத் தாள்கள் எல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் செருகப்படவில்லை. உறையிலிருந்து எடுத்து அப்படியே முன்னால் சொருகி வைத்திருக்கிறார்கள். எடுத்துவிடச் சொன்ன பக்கம் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக வர வேண்டிய பக்கம் ஓரக்கோட்டோடு முன்னால் கிடக்கிறது. எந்த முகாமிலோ எந்த ஸ்டோரிலோ ஒரு குமாஸ்தா, வெயில் தாங்காமலோ, லீவில் போகிற அவசரத்திலோ, இல்லை வெறும் சோம்பலாலோ, சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறான். இரண்டு பக்கமும் நமக்கு அவனால் கிடைத்தன. ஒரு இடத்தில் அச்சிட்ட எண்ணின் மேல் பென்சிலால் அடித்து வேறு எண் எழுதியிருக்கிறது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. மாற்றத் தாள்களில் அந்த எண்ணைத் தேடினேன், எதிலும் இல்லை.

எங்கள் கிளையில் இப்போது சுற்றறிக்கைகள் திரையில் வருகின்றன. புதியது வந்ததும் பழையது அதே இடத்தில் இல்லாமல் போய்விடுகிறது. எடுத்துவிடு என்று யாருக்கும் ஆணை அனுப்பத் தேவையில்லை. டெபாசிட் சம்பந்தப்பட்டவை எவையானாலும் வந்த அன்றே ஒரு பிரதி எடுத்து, மேல் மூலையில் தேதி போட்டு, என் மேஜையின் கீழ் டிராயரில் வைக்கிறேன். ஆடிட்டுக்கு வந்தவர் ஒரு தடவை டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அந்த அம்மாளின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிராயரை மூடிவிட்டு அடுத்த லெட்ஜரைக் கேட்டார்.